படகுக்கு எண்ணெய்க் குளியல்

நான் முட்டாள் என்பதை யாரும் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்கவில்லை. நானே அதிகாரியின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகத் தெரிவித்துக்கொண்டேன். நான் சொன்ன வார்த்தைகள் என்னவோ, "படகுக்கு வார்னிஷா சார், அது எனக்குத் தெரியும் சார்" என்பவைதான். ஆனால் அர்த்தம் அதுதான்.

எனக்குப் படகு தெரியாது. நீச்சல் தெரியாது. மாடு கழுவப் போகிற குட்டையில்கூட முழங்காலுக்கு மேல் நனைந்தவனில்லை. வார்னிஷ் என்பது நாற்காலியோடு கூடவே பிறக்கிற விஷயம் என்று நினைத்திருந்தவன். இப்படிப்பட்டவன் எதற்காக வாயைக் கொடுத்தான் என்றால், அதற்குக் காரணம் வரதய்யபாளையத்தில் இருந்தது. அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

என் மனைவியைத்தான் சொல்கிறேன்.

கல்யாணமான புதிது. நான் திருப்பதியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அவள் வரதய்யபாளையத்தில் டீச்சரம்மா. எங்கள் இருவருக்கும் நடுவில் காளஹஸ்தி, அங்கே ஒரு பஸ் மாற்றம், கொஞ்சம் காடு, இவை போதாதென்று ஒரு ராஜ்ய எல்லை. ஆந்திரா தனி ராஜ்யமானபோது திருப்பதி அந்தப் பக்கம் போயிற்று. அவள் ஊர் சென்னை ராஜ்யத்திலேயே நின்றுவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் அலுவலகம் மூடியதும் பஸ்ஸைப் பிடித்தால், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வாசலில் போய் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை, மத்தியானம் கோழிக் குழம்பு, சாயங்காலம் மறுபடி பஸ். இதுதான் எங்கள் குடித்தனம். "நான் புருசனுக்கா வாக்கப்பட்டேன், விருந்தாளிக்கு இல்ல வாக்கப்பட்டேன்" என்பாள். இடமாற்றம் கேட்கலாமென்றால், ராஜ்யம் விட்டு ராஜ்யத்துக்கு மாற்ற எங்கள் இலாகாவுக்கு அதிகாரமில்லை.

இந்த நேரத்தில்தான் எல்லைத் தகராறு ஒரு முடிவுக்கு வந்தது. எந்த ஊர் யாருக்கு என்று பங்கு பிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஊர்வலம் போனார்கள், கோஷம் போட்டார்கள். டீக்கடையில் மலைகளையும் ஏரிகளையும் சொந்தச் சொத்துப் போலப் பேசிச் சண்டை போட்டார்கள். எனக்கு ஒரே ஓர் ஊரைப் பற்றித்தான் அக்கறை. அந்த வரதய்யபாளையம், சத்தியவேட்டுப் பக்கத்து மற்ற ஊர்களோடு சேர்ந்து, இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் நகராமல் எங்கள் சித்தூர் ஜில்லாவுக்கு வந்து சேரும் என்று முடிவாயிற்று. தமிழர்கள் பலர் மனம் நொந்து போனார்கள். தமிழனாகிய நான் ஜிலேபி வாங்கித் தின்றேன். இதை இவ்வளவு காலம் வெளியில் சொல்லவில்லை.

புதிதாக வரும் ஊர்களைப் பார்த்துக்கொள்ள வரதய்யபாளையத்தில் எங்கள் இலாகா ஒரு சின்னக் கிளை திறக்கப்போகிறது, அதற்குத் தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒரு குமாஸ்தா வேண்டும் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. யாரை அனுப்புவது என்பது எங்கள் அதிகாரியின் கையில் இருந்தது.

அதிகாரி கடற்கரைப் பக்கத்துத் தெலுங்கர். சென்னையில் படித்தவர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், சில சமயம் திருப்பியும் செய்வார். அலுவலகத்தில் அவருக்கு எதிலும் பெரிய பிரியம் கிடையாது. அவருடைய பிரியமெல்லாம் தடாவுக்குப் பக்கத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தது. சின்னப் பாய்மரப் படகு. மாதம் ஒரு தடவை போய்ப் பாயை விரித்து ஏரியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் திங்கட்கிழமை எல்லாக் காகிதத்திலும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார். லீவு வேண்டியவர்கள் அந்தத் திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பார்கள்.

படகின் உடம்புக்கு வெள்ளைப் பெயிண்ட். அதில் தொல்லை இல்லை. தொல்லை, மேலே தெரிகிற தேக்கு மரத்தில். படகின் விளிம்பைச் சுற்றி ஓடும் சட்டம், உட்காரும் பலகைகள், சுக்கானின் கைப்பிடி, இதெல்லாம் தேக்கு. தேக்குக்குப் பெயிண்ட் அடிப்பது அதன் முகத்தில் கரி பூசுவதற்குச் சமம் என்பது அவர் கொள்கை. வார்னிஷ்தான் போடவேண்டும், மரத்தின் ரேகை கண்ணாடிக்கு அடியில் தெரிவதுபோலத் தெரியவேண்டும். வெயிலும் உப்புக் காற்றும் அவருடைய கொள்கையை மதிப்பதில்லை. போட்ட வார்னிஷ் ஒரு வருஷத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து, அடியில் மரம் சாம்பல் பூத்துப் போகும்.

"இதெல்லாம் செய்யறதுக்கு இங்க ஒருத்தனுக்கும் தெலீது" என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டபோது நான் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க நின்றிருந்தேன். அப்போதுதான் மேலே சொன்ன வார்த்தைகளைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீக்குத் தெலுசா?"

"எங்க நைனா காலத்துலேந்தே பழக்கம் சார்."

எங்கள் அப்பாவுக்கு விஜயபுரத்தில் வேர்க்கடலைக் காடு, ஒரு மரச்செக்கு. மரத்துக்கும் அவருக்கும் இருந்த சம்பந்தம், வண்டியின் அச்சுக்கு எண்ணெய் விடுவது. மற்றபடி பண்டிகைக்கு மாட்டுக் கொம்புக்குத் தடவுவார்.

அதிகாரி சும்மா விடவில்லை. "பழைய வார்னிஷ் சொரண்டினதும், மரத்துக்கு மொதல்ல ஏமி போடணும்?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் இடுப்பு வலி, கதவு கிரீச்சிடுவது, குழந்தை அழுவது எதுவானாலும் ஒரே பதில்தான். "எண்ணெய் சார்" என்றேன்.

"கரெக்ட்" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அடுத்ததாக இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாரானால் நான் பிழைத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. முறையை விவரமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பழையதை ஒட்டச் சுரண்டு. ரேகை போகிற போக்கில் உப்புத்தாள் தேய். ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து மெல்லிசாகத் தடவு, மிச்சத்தைத் துடை, காயவிடு. அதன் மேல் வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் லேசாகத் தேய்த்து மறு பூச்சு, இப்படிப் பூசிக்கொண்டே போ. நான் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே தெரிந்தவன் தலையாட்டுகிற விதமாகத் தலையாட்டினேன். கடைசியில் மெதுவாக, "வரதய்யபாளையத்துக்கும் படகுக்கும் ரொம்பக் கிட்டம் சார். கிளையில என்னெப் போட்டீங்கன்னா, வாராவாரம் நானே பாத்துக்குவேன்" என்று ஒரு கொக்கியைப் போட்டேன்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார். இரண்டு தடவை சொன்னார். அந்த இரண்டாவது 'பாக்கலாம்' எனக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

அந்தச் சனிக்கிழமை மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமையும் கெடையாதா?"

"கொஞ்ச நாளு ஞாயித்துக்கிழமையக் குடுத்தா, அப்பறம் வாரம் பூரா கெடைக்கும்."

"சீட்டுப் புடிக்கறவன் இப்டித்தான் பேசுவான்." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "இந்த வூட்டு சன்னலுக்கு ஒரு வாட்டி பெயிண்டு அடிங்கன்னு எப்பலேந்து கேட்டுக்கினு கீறேன்?"

"அது வேற, இது வேற."

"ஆமா. சன்னல் எங்க மெதக்கப் போவுது?"

மறுநாள் ஆராதனைக்கு அவள் தனியாகப் போனாள். நான் தடா பஸ்ஸில் போனேன். உபதேசியார் என்னை விசாரித்திருக்கிறார். 'படகு வேலைக்குப் போயிருக்காரு' என்று இவள் சொல்ல, அவர் நான் ஏதோ அப்போஸ்தலர்களின் வழியில் இறங்கிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டாராம்.

ஏரிக்கரையில் படகைக் கரையேற்றி, கட்டைகள்மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரர் உண்டு. நான் சுரண்டியை எடுத்தேன். சுரண்டினேன். பிறகு உப்புத்தாளை எடுத்து ரேகைக்குக் குறுக்கே பலமாகத் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால்தான் கைக்கு வாட்டமாக இருந்தது. மத்தியானம் வெயில் சாய்ந்து விழுந்தபோது பார்த்தால், சட்டம் முழுக்கப் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள். அந்தக் கோடுகளை அழிக்க நீளவாக்கில் மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டியிருந்தது.

காவல்காரர் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். "குமாஸ்தா சார், அது படகுக் கட்ட. சந்தனக் கட்ட இல்ல" என்றார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழிந்து ஒரு சாயங்காலம், சாம்பல் தோல் எல்லாம் போய், கைக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் மரம் எழுந்து வந்தது. உள்ளங்கையால் தடவினால் குழந்தையின் முதுகு மாதிரி இருந்தது. தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. என்னை அறியாமல் நானும் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வேலை என்றால் இதுதான் போலிருக்கிறது, நாம் அலுவலகத்தில் செய்வதெல்லாம் வேறு ஏதோ, என்று தோன்றியது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஊர் திரும்பி, 'சார், மீதி உங்கள் கையால்' என்று பணிவாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்தது எண்ணெய். திருப்பதியில் பெயிண்ட் கடைக்காரர் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றார். சென்னையிலிருந்து வரவழைக்க நாளாகும். அதிகாரியிடம் சொன்னால் அவரே வரவழைத்திருப்பார். ஆனால், எண்ணெய்க்குடத்தில் பிறந்தவன் எண்ணெய் இல்லை என்று போய் நிற்பதா? எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றால் வேர்க்கடலை எண்ணெய், எங்கள் பேச்சில் மல்லாட்ட எண்ணெய். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் என்று மற்றவற்றுக்குத்தான் பெயர் வேண்டும், இதற்கு வேண்டாம். ஆளியும் விதை, கடலையும் விதை. செக்குக்குள் போய்விட்டால் எல்லாம் ஒரே ஜாதி என்று சமத்துவம் பேசிக்கொண்டு விஜயபுரத்துக்குப் போனேன்.

அப்பா செக்கடியில் இருந்தார். "இன்னாத்துக்குடா இம்மாம் எண்ணெ?"

"படகுக்கு நைனா."

"படகு எண்ணெ துன்னுமா?"

"மரத்துக்குத் தேய்க்கறதுக்கு."

"அப்ப கசடு கீது, அத்த எடுத்துக்கினு போ. வண்டிக்கு அதான் வுட்றேன்."

"அதிகாரி படகு நைனா."

அப்பா எழுந்து உள்ளே போனார். அப்போதுதான் ஆட்டித் தெளிய வைத்திருந்த எண்ணெயை ஒரு டின் நிறையக் கொண்டுவந்தார். மூடியைத் துணி வைத்துக் கட்டினார். "மல்லாட்ட நம்ம காட்டுதுன்னு சொல்லு" என்றார்.

டர்பன்டைன் கலக்கச் சொல்லியிருந்தார் அதிகாரி. அசல் செக்கு எண்ணெயில் அந்த நாற்றத்தைக் கலந்து கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். மிச்சத்தைத் துடைக்கச் சொல்லியிருந்தார். அதிகாரிக்குச் செய்கிற காரியத்தில் மிச்சம் பிடிப்பதா என்று துடைக்காமல் இன்னொரு கை ஊற்றினேன். படகு ஜொலித்தது. காவல்காரரே எழுந்து வந்து பார்த்தார்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விஷயம். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகித் தோலாகிவிடும். அதனால்தான் அது மரத்துக்கு. வேர்க்கடலை எண்ணெய் இறுகாது. நியாயத் தீர்ப்பு நாள் வரைக்கும் ஈரமாகவே இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளும்போது எனக்கு வயதும் ஆகியிருந்தது, அனுபவமும் ஆகியிருந்தது. அப்போது தெரியாது.

திங்கட்கிழமைதோறும், படகு எப்படி இருக்கிறது என்று அதிகாரி கேட்பார். "எட்லா உந்தி?"

"மின்னுது சார்."

"காஞ்சிடுச்சா?"

"காஞ்சிக்கினே கீது சார்."

காயவில்லை. பனி என்று நினைத்தேன். ஏரிக் காற்று என்று நினைத்தேன். கடைசியில், மேலே வார்னிஷைப் போட்டு மூடினால் அடியில் தன்னால் காய்ந்துகொள்ளும் என்று தீர்மானித்து ஒரு பூச்சுப் பூசினேன். அது அரை மணியில் பாலாடை மாதிரிச் சுருங்கி, தொட்ட இடத்தில் விரலோடு வந்தது. அடுத்த வாரம் போனபோது அந்தப் படகு தனியாக இல்லை. எறும்பு வரிசை சட்டத்தின் ஓரமாக ஊர்வலம் போயிற்று. வழுக்கி விழாத எறும்புகள் வார்னிஷிலேயே அடக்கமாகியிருந்தன. நாரை இறகு ஒட்டியிருந்தது. மணல் ஒட்டியிருந்தது. யாருடைய பீடித் துண்டோ ஒன்றும் ஒட்டியிருந்தது.

"ராவானா நாய்ங்க வந்து நக்கிக்கினு கீதுங்க சார்" என்றார் காவல்காரர். "நான் காவல் காக்கறது படகையா, பலகாரத்தையா? கேட்டுச் சொல்லுங்க."

இதற்கிடையில் வரதய்யபாளையத்தில் ஒரு முன்னேற்றம். என் மனைவி இருந்தது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. நான் மாற்றலாகி வந்தால் இருவருக்கும் அது போதாது. தெருக்கோடியில் இரண்டு அறை வீடு ஒன்று காலியாயிற்று. வீட்டுக்கார அம்மாள் எங்களுக்குத்தான் தருவேன் என்று பூட்டி வைத்திருந்தாள். 'சார் வராரா, வரலையா?' என்று தினம் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்பாளாம். என் மனைவியால் பதில் சொல்லி மாளவில்லை.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மாற்றலைக் கொண்டுவரப் போகிற படகை நேரிலேயே பார்த்துவிடுவது என்று புளிச்சோறு கட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். படகை ஒரு சுற்றுச் சுற்றினாள். விரலால் தொட்டாள். முகர்ந்தாள். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், தலைப்பும் ஒட்டிக்கொண்டது.

"இதுல பூரி சுடலாங்க" என்றாள்.

"காயணும். அவ்ளோதான்."

"இத்தினி வாரமா எண்ணெ தேச்சி ஒக்கார வெச்சிக்கினு கீறீங்க. சீக்கா போட்டுத் தலைக்கு ஊத்த வேணாமா?"

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அவள் சும்மா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். நானோ அங்கேயே அசந்து நின்றேன். எவ்வளவு நேரான யோசனை. உலகத்தில் எண்ணெய்க்கு எதிரி ஒன்று உண்டென்றால் அது சீயக்காய்தானே? சனிக்கிழமைதோறும் என் தலையில் நிரூபணமான விஷயம்.

அடுத்த சனிக்கிழமை திருப்பதிக் கடைத்தெருவில் சீயக்காய்ப் பொடி வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காவல்காரரின் அடுப்பில் வெந்நீர் வைத்து, பொடியைக் கரைத்து, தேங்காய் நாரால் சட்டத்தை அழுத்தித் தேய்த்தேன். நுரை வந்தது. தோல் தோலாக வார்னிஷ் கிளம்பி வந்தது. எறும்புகள் பிரிந்து போயின. ஏரித் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு ஊற்றினேன். காவல்காரர் இந்தத் தடவை எழுந்து போனார். பக்கத்து மீன்பிடிக் குடிசைகளிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து உட்காரவைத்தார். "தலை தொவட்ட வேணாமா சார்?" என்று ஒருவர் மட்டும் கேட்டார். உட்காரும் பலகைகளுக்கு வருவதற்குள் பொடி தீர்ந்துவிட்டது. சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். சாயங்கால வெயிலில் சட்டம் ஓரளவுக்கு வறண்டு, பார்க்க நன்றாகவே இருந்தது.

மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. "வரதய்யபாளையம் கிளைக்கு மேலேந்து ஓகே ஆயிடுச்சி. பேரு அனுப்பணும். இந்த ஞாயிறு நான் படகு பாக்க வரேன். அங்க பேசலாம்."

அந்த வாரம் முழுக்க நான் நடக்கவில்லை, மிதந்தேன். நீச்சல் தெரியாதவன் மிதப்பது ஆபத்து என்று அப்போது தோன்றவில்லை.

ஞாயிறன்று அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று முதல் பஸ்ஸில் போனேன். படகைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. தேக்குச் சட்டத்தில் ஒவ்வோர் இரும்பாணியைச் சுற்றியும் ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு வட்டம். வட்டத்திலிருந்து ஒழுகின கறுப்புக் கோடு. பெரியம்மை வந்து எழுந்தவன் மாதிரி இருந்தது படகு. காளஹஸ்தியில் துணிக்குச் சித்திரம் எழுதுகிறவர்கள் இரும்பையும் கடுக்காயையும் சேர்த்துத்தான் அழியாத கறுப்பு உண்டாக்குகிறார்கள். வாராவாரம் அந்த ஊரில் பஸ் மாறுகிறவனுக்கு, சீயக்காய்க்கும் இரும்புக்கும் அதே மாதிரி ஓர் உறவு இருக்கலாம் என்று தோன்றியிருக்கக் கூடாதா? கையில் இருந்த கைக்குட்டையால் ஒரு வட்டத்தைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜீப் சத்தம் கேட்டது.

அதிகாரி வெள்ளைக் கால்சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக இறங்கினார். படகை ஒரு முறை சுற்றி வந்தார். சட்டத்தின் மேல் கையை வைத்தார். எடுத்து முகர்ந்தார்.

"இதி ஏமி வாசன?"

"மரத்து வாசன சார்."

"பகோடா வாசன ஒஸ்துந்தி." மறுபடி முகர்ந்தார். "ஏ நூன இதி?"

"மல்லாட்ட எண்ணெ சார். நம்ம காட்டுது. சொந்தச் செக்கு." அந்த நேரத்திலும் என் குரலில் ஒரு பெருமை இருந்தது என்பதை நானே கவனித்தேன்.

"ஆளிவெத எண்ணெ ஏமாயிந்தி?"

"இதுவும் வெதெதான சார்."

கறுப்பு வட்டங்களைக் காட்டினார். "இது?"

"சீக்கா சார்."

அதிகாரி படகின்மேல் ஏறி, பலகையில் மெல்ல உட்காரப் போனார். சீயக்காய் எட்டாத பலகை. "சார்" என்றேன். பேசாதே என்று கையைக் காட்டினார். எனக்குக் கீழ்ப்படிதல் அதிகம், பேசவில்லை. அவர் தலையில் கையை வைத்து வெகுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது, இலையிலிருந்து அல்வாவைப் பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காவல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆகாயத்தில் ஏதோ பறவையைத் தேடினார்.

"மொத்தம் சொரண்டு" என்றார் அதிகாரி. கிளையைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறு. இந்தத் தடவை அவரும் கூடவே வந்தார். நான் சுரண்டினேன், டர்பன்டைன் துணியால் மரத்திலிருந்து எங்கள் காட்டு எண்ணெயைத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். கறுப்புக்கு அவர் ஏதோ ஒரு வெள்ளைப் பொடியைக் கொண்டுவந்து கரைத்துத் தடவினார். வட்டங்கள் மங்கின, முழுக்கப் போகவில்லை. ஆளிவிதை எண்ணெயை அவரே சென்னையிலிருந்து வரவழைத்து அவரே தடவினார். வார்னிஷையும் அவரே பூசினார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை மட்டும் எனக்கு. தூரிகையைத் தொட விடவில்லை. ஆனாலும் மத்தியானத்தில் தன் ஃபிளாஸ்க் மூடியில் எனக்கும் காபி ஊற்றிக் கொடுப்பார். காற்று எந்தப் பக்கம் அடித்தால் பாயை எப்படித் திருப்புவது என்று சொல்லுவார். நான் 'ஆமா சார்' என்பேன்.

அந்தக் காபி என் புத்தியைக் கெடுத்தது. "இப்ப நானும் அவரும் ஒரே ஃபிளாஸ்க்குல குடிக்கறோம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஆர்டரு கைக்கு வரட்டும்" என்றாள்.

"இம்மாம் நாளு கூடவே கீறவன வுட்டுட்டு வேற யாரப் போடுவாரு?"

"நீங்க கூட இருந்ததாலதாங்க எனக்குப் பயம்."

நான் கேட்கவில்லை. தெருக்கோடி வீட்டு அம்மாளிடம் நானே போய், வந்துகொண்டே இருக்கிறேன், வீட்டை வேறு யாருக்கும் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் அன்றைக்கே வீட்டைக் கழுவிவிட்டாள். மனைவி வாயால் என்ன சொன்னாலும், அடுத்த வாரம் போனபோது அந்த வீட்டு ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மடித்து உள்ளே வைத்தாள்.

கடைசிப் பூச்சும் காய்ந்து படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். நன்றாகத்தான் இருந்தது. அங்கங்கே ஆணியைச் சுற்றி ஒரு நிழல் மட்டும் தங்கிவிட்டது. அதிகாரி என்னையும் ஏறச் சொன்னார். நான் கரையிலிருந்தே கும்பிட்டேன். அவர் போன பிறகு காவல்காரர், "இனிமே நாய்ங்களுக்கு இன்னா சார் வழி?" என்று கேட்டார்.

சில வாரத்தில் உத்தரவு வந்தது. வரதய்யபாளையம் கிளைக்கு எங்கள் அறையில் என்னைவிட இளையவர், படகைப் படத்தில் மட்டுமே பார்த்தவர், அவர் பெயர். எனக்கும் மாற்றல் உண்டு. மதனபள்ளி. ஜில்லாவின் இந்த ஓரத்தில் வரதய்யபாளையம் என்றால், மலையேறிப் போய் அந்த ஓரத்தில் மதனபள்ளி. மறு வருஷம் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் என் மனைவிக்கு இடம் கிடைத்து, தைத்த திரைச்சீலையோடு வந்து சேர்ந்தாள். அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தெருக்கோடி வீடும் அந்த அம்மாளும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றார்கள். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனேன்.

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சார், நான் கேட்டது வரதய்யபாளையம் சார்" என்றேன். "என் சம்சாரம் அங்க கீது. வூடுகூடப் பாத்து வெச்சிட்டோம். இத்தினி மாசமா ஒரு ஞாயித்துக்கிழமைகூட வுடாம உங்க படகுக்கே கெடந்தேன் சார். என்னெப் போயி மதனபள்ளிக்குப் போட்டுட்டீங்களே, அங்க இன்னா சார் கீது?"

அவர் அடுத்த காகிதத்தைப் புரட்டினார்.

"அங்க படகு இல்ல."